கை கொடுக்காமல் நின்ற தவமணி

அன்று வழக்கம்போல கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்திருந்தோம். எங்கள் கண்டக்டர் தவமணி வரவில்லை. அவர் வந்து விசில் ஊதாமல் எங்கள் மூட்டுவலிப் பயிற்சி தொடங்காது என்பதால் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தோம். பரவை மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருக்கும் பாண்டிக்குப் போன் வந்தது. ஜன்னலோரம் போய்ப் பேசிவிட்டு வந்து என் முன்னால் நின்றார். "டிரைவரண்ணே, கண்டக்டர் போயிட்டாராம். காலையில நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள முடிஞ்சிருச்சாம்" என்றார். எங்களோடு பயிற்சிக்கு வரும் பெண்மணி சாந்தா பாய், காலில் மாட்டி இழுக்க வைத்திருந்த சைக்கிள் டியூப்பைச் சுருட்டி நாற்காலிக்கு அடியில் வைத்தார். எனக்கு அழுகை வரவில்லை. ஏனோ கோபம்தான் வந்தது.

மண்டபத்துக்கு வருகிற உங்களுக்கெல்லாம் அவர் மூட்டுவலிக்காரர்களின் கண்டக்டர். எனக்கு அவர் அதற்கு முன்பே என் வண்டியின் கண்டக்டர். ஆரப்பாளையத்திலிருந்து சோழவந்தானுக்குப் போகும் பஸ்ஸில் நான் முன்னால் உட்கார்ந்திருப்பேன், அவர் பின்னால் நிற்பார். சேர்ந்து பணிபுரிந்த காலமெல்லாம் நாங்கள் பேசிக்கொண்டது குறைவு. ஒற்றை விசில் என்றால் நிறுத்துவேன், இரட்டை விசில் என்றால் எடுப்பேன். கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்ப்பதுகூட அபூர்வம். சோழவந்தானில் வெற்றிலைக் கட்டுகளை ஏற்றும்போது யாராவது அவசரப்பட்டு "எடுங்கண்ணே" என்று குரல் கொடுப்பார்கள். நான் அசைய மாட்டேன். அவர் விசில் வந்தால்தான் கியர் விழும்.

ஓய்வு பெற்ற பிறகு இருவருக்கும் மூட்டு தேய்ந்திருந்தது. கிளட்சை மிதித்தே எனக்கு இடது முட்டி போனது என்பது என் கட்சி. நின்றுகொண்டே வந்தவர் என்பதால் தனக்கு இரண்டும் போனது என்பது அவர் கட்சி. டாக்டர் இரண்டு கட்சியையும் ஒப்புக்கொள்ளவில்லை. வயது, எடை, குடும்ப வாகு என்று ஏதேதோ சொன்னார்.

அவர் பயிற்சிக்கு வந்த காரணம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. சோழவந்தான் பக்கத்தில் அவர்களுடைய குலதெய்வக் கோயிலில் கிடா வெட்டு நடந்தது. என்னையும் அழைத்திருந்தார். புளியமரத்தடியில் வெறும் தரையில் வரிசையாக இலை போட்டார்கள். அங்காளி பங்காளி எல்லோரும் உட்கார்ந்தார்கள். தவமணி இடம் பார்த்து நகரும்போது அவருடைய மைத்துனர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, "மாமா, நீங்க எதுக்கு சிரமப்படுறீக, இதுல உக்காருங்க" என்று தட்டில் சோறு போட்டுக் கொடுத்தார். அன்பாகத்தான் செய்தார். தவமணி தட்டை மடியில் வைத்துக்கொண்டு பந்தியையே பார்த்தபடி சாப்பிட்டார். திரும்பும் வழியில், "டிரைவரே, நான் அந்தச் சாமிக்குப் பங்காளியா, இல்ல சாப்பாட்டுக்கு வந்த விருந்தாளியா?" என்று கேட்டார்.

அடுத்த வாரமே ஒரு பிசியோதெரபி டாக்டரைத் தேடிப் போனார். அந்தப் பெண் சொன்னதை எங்களிடம் வந்து தம் பாஷையில் சொன்னார். "முட்டி தேஞ்சது தேஞ்சதுதான். ஆனா தொடைச் சதை கெட்டியா இருந்தா பாரத்த அது வாங்கிக்கிரும். ஸ்பிரிங் பட்டை நல்லா இருந்தா வண்டி குண்டுகுழியில போனாலும் தாங்குதுல்ல, அம்புட்டுத்தான்." வலிக்கிறதே என்று காலை அசைக்காமல் வைத்திருந்தால் சதை இன்னும் வற்றி, வலி இன்னும் கூடும் என்றும் அந்தப் பெண் சொன்னாராம். முகூர்த்தம் இல்லாத நாட்களில் சும்மா கிடக்கும் சாப்பாட்டுக் கூடத்தை மண்டபக்காரரிடம் கேட்டு வாங்கினார் தவமணி. தண்ணீர் நிரப்பிய பாட்டில், சைக்கிள் டியூப், கைப்பிடி இல்லாத நாற்காலி. இவைதான் எங்கள் தளவாடங்கள்.

நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நீட்டி, முட்டியை நிமிர்த்தி, அப்படியே நிறுத்த வேண்டும். அந்தப் பெண் எண்ணச் சொல்லியிருந்தார். எண்ணுகிறேன் என்று எல்லோரும் ஓட்டமாக ஓட்டினோம். தவமணி எண்ணிக்கையை ரத்து செய்துவிட்டார். இரட்டை விசில் ஊதி, "ஆரப்பாளையம்... விளாங்குடி... பரவை... சமயநல்லூர்... தேனூர்... சோழவந்தான்" என்று நிதானமாகச் சொல்வார். ஊர்ப் பெயரை நாங்களும் சேர்ந்து சொல்ல வேண்டும். வாய் பேசினால் மூச்சை அடக்க முடியாது என்பதும் அதில் ஒரு வசதி. சோழவந்தான் வந்து ஒற்றை விசில் கேட்ட பிறகே கால் இறங்கலாம். பாண்டி மட்டும் பரவை என்றதும் காலைக் கீழே போட்டுவிடுவார். ஆயுள் முழுக்க அங்கே இறங்கிய மனிதர். "யோவ், டிக்கெட் சோழவந்தானுக்குக் குடுத்திருக்கேன்யா, ஏறு மேல" என்பார் தவமணி. பாண்டி அந்தப் பழக்கத்தை விட வெகுநாளாயிற்று.

தவமணி பொறுமைசாலி என்று இரங்கல் கூட்டத்தில் ஒருவர் பேசினார். அது பொய். ஆரம்பத்தில் கிடாவெட்டு மறுபடி வருவதற்குள் தரையில் உட்கார்ந்துவிட வேண்டும் என்ற வேகத்தில் வீட்டில் தனியாகவும் பாரம் கட்டித் தூக்கி, ஒரு முட்டியைப் பூசணிக்காய் மாதிரி வீங்க வைத்துக்கொண்டார். வாரக்கணக்கில் கட்டிலில் கிடந்தார். பிறகு வந்து ஒரு சட்டம் போட்டார்: "வீங்கிச் சூடா இருந்தா அன்னைக்கு வண்டி டிப்போவுல. லேசா மடக்கி நீட்டு, போதும். பாரம் வேணாம்." சாந்தா பாய்க்கு வாத மூட்டு நோய். காலையில் விரல்கள் மடங்கவே மடங்காது, சேலையில் ஊசி குத்தக்கூட முடியாது. அவருடைய விரல் இளகட்டும் என்று நேரத்தையே தள்ளி வைத்தவரும் இதே தவமணிதான். மற்றவர் உடம்புக்கு இருந்த பொறுமை தன் உடம்புக்கு இல்லாதவர் என்று சொன்னால் சரியாக இருக்கும்.

அவரோடு நான் சண்டை போட்டது ஒரே விஷயத்துக்காக. நாற்காலி பழகிய பிறகு தரையில் உட்கார்ந்து எழும் பயிற்சி வந்தது. முதல் நாள் உட்கார்ந்துவிட்டேன், எழ முடியவில்லை. மூச்சு வாங்குகிறது, வேர்க்கிறது. தவமணி என் பக்கத்தில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார். "ஏன்யா, மனுசன் கிடந்து தவிக்கிறேன், ஒரு கை கொடுத்தா என்ன?" என்று கத்தினேன். உடனே குனிந்து கையை நீட்டி, "இந்தா. கேட்டா குடுப்பேன் டிரைவரே. கேக்காம குடுக்க மாட்டேன்" என்றார். நான் அந்தக் கையைப் பிடித்துத்தான் எழுந்தேன். ஆனால் வீட்டுக்குப் போய் யோசித்தபோது, நான் கேட்கும்வரை அவர் ஓர் அடிகூட நகரவில்லை என்பது நினைவுக்கு வந்தது. அதன்பின் மண்டபத்தில் அது வழக்கமாகிவிட்டது. ஒருவர் தரையிலிருந்து எழும்போது பக்கத்தில் ஒருவர் கைகட்டி நிற்பார். வேடிக்கை பார்க்க வந்த உறவுக்காரர்கள் எங்களை ஈவு இரக்கம் இல்லாதவர்கள் என்று சொல்லியிருக்கிறார்கள்.

சென்ற முறை கிடாவெட்டுக்கும் நான் போயிருந்தேன். தவமணி பந்தியில் உட்கார்ந்தார். முழுதாகச் சம்மணம் வரவில்லை, ஒரு காலை ஓரமாக நீட்டிக்கொண்டார். கறிச்சோறு இரண்டு தடவை வாங்கினார். பந்தி எழுந்தபோது மைத்துனர் ஓடிவந்து அக்குளில் கை கொடுத்தார். "விடு மாப்ள" என்றார் தவமணி. பக்கவாட்டில் திரும்பினார், தரையில் கை ஊன்றினார், ஒரு முட்டியில் நின்றார், மற்ற காலை முன்னால் வைத்தார். உதடு மட்டும் அசைந்தது. எந்த ஊர்களைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். எழுந்து நின்று, வேட்டியைத் தட்டி, கை கழுவப் போனார். ஏதாவது பெரிதாகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். பஸ் ஏறிய பிறகு, "குழம்புல உப்பு கம்மி" என்றார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு விளாங்குடியில் அவர் வீட்டுக்குப் போனோம். மாடியில் பந்தல் போட்டுப் பாய் விரித்திருந்தார்கள். வயதானவர்களுக்கு ஓரமாக மேஜை. அதே மைத்துனர் என் கையைப் பிடித்து மேஜைப் பக்கம் அழைத்தார். நான் பாயில் உட்கார்ந்தேன். ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை. சாப்பிட்டு முடித்தோம். வரிசை எழுந்தது. நான் எழவில்லை. முட்டி வலித்தது உண்மை. ஆனால் அது மட்டுமில்லை. வண்டி நிற்கிறது, பின்னாலிருந்து விசில் வரவில்லை, நான் எப்படி எடுப்பேன்? அவர் இல்லை என்பது அந்தப் பாயில்தான் எனக்குப் புரிந்தது. இலை எடுக்கிறவர்கள் காத்து நின்றார்கள். மைத்துனர் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு வந்தார்.

அவருக்கு முன்னால் பாண்டி வந்து நின்றுகொண்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். என்னைப் பார்க்காமல், பந்தல் கம்பைப் பார்த்தபடி, துக்க வீடு என்பதால் அடங்கிய குரலில் சொன்னார்: "போலாம் ரைட்."

நான் கையை ஊன்றினேன். ஆரப்பாளையம் என்றேன். விளாங்குடி என்றேன். பரவை என்றபோது பாண்டிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. தேனூரில் கொஞ்சம் நின்றுபோனேன். அவர் கையைப் பிரிக்கவில்லை. சோழவந்தானில் எழுந்து நின்றேன். அதற்குப் பிறகுதான் எனக்கும் அழுகை வந்தது. துக்க வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது என்பதால் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் இறங்கி வந்தோம்.

இப்போது மண்டபத்தில் விசிலை நான்தான் ஊதுகிறேன். புதிதாக ஓர் அம்மாள் வருகிறார். தரையிலிருந்து எழும்போது மிகவும் தவிக்கிறார். ஒவ்வொரு தடவையும் என் கை தானாக முன்னால் போகிறது. அதை இழுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறேன். தவமணியிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். அந்த அம்மாள் எழுந்து நிற்கும்வரை நான் அந்த இடத்தை விட்டு நகர்வதில்லை.