ஒன்பது மணிப் பதிவு

டொர்டிஸுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். பதினான்கு வருடம் எங்கள் ஊரில் பேருந்து ஓட்டியவள். தோள்பட்டை தேய்ந்துபோன பிறகு வண்டியை விட்டுவிட்டு எங்கள் அருங்காட்சியகத்தின் முகப்பு மேசைக்கு வந்தாள். பள்ளிக் குழுக்கள், பிறந்தநாள் விழாக்கள், கோடை முகாம் எல்லாவற்றுக்கும் பெயர் பதிவது அவள் வேலை. நான் கீழ்த்தளத்தில் பழைய இயந்திரங்களுக்கு எண்ணெய் போடுகிறவன். மதியம் இருவரும் ஒரே மேசையில் ரொட்டியைப் பிரித்துச் சாப்பிடுவோம்.

எங்கள் கட்டடம் ஒருகாலத்தில் மீனை டப்பாவில் அடைத்த ஆலை. வாசலில் ஓர் ஆலைப் பெண்ணின் வெண்கலச் சிலை நிற்கிறது. இன்றைய மீன் ஆலை விரிகுடாவின் அக்கரையில் இருக்கிறது. கோடையில் ஒரு வாரம் பிள்ளைகள் எங்களிடம் வந்து மீனுக்குப் புகை போட்டு, டப்பாவை மூடி, தாங்களே வரைந்த லேபிளை ஒட்டி வீட்டுக்கு எடுத்துப்போவார்கள். ஒன்பது வயது முதல் பன்னிரண்டு வரை, மொத்தம் இருபத்து நான்கு இடம். பிப்ரவரியின் முதல் திங்கள் காலை ஒன்பது மணிக்கு இணையத்தில் பதிவு திறக்கும்.

"நாலே நிமிஷத்துல முடிஞ்சிருச்சு" என்று இயக்குநர் ஆஸ்முன் போகிற கூட்டத்திலெல்லாம் பெருமையடிப்பார்.

அந்த வருடம் பதிவு முடிந்த மறுநாள் தைவா என்ற பெண் வந்தாள். லிதுவேனியாவிலிருந்து வந்து பத்து வருடமாக அக்கரை ஆலையில் மீன் அறுப்பவள். மகளுக்கு இடம் கேட்டு வருவது அவளுக்கு அது மூன்றாவது முறை.

"ஒன்பது மணிக்குத் திறக்குறீங்க. எங்க போன் பெட்டியில பூட்டியிருக்கும். ஒன்பதரைக்குத்தான் கையுறையைக் கழட்டலாம். நான் எப்பத்தான் பதியறது?"

"காத்திருப்புப் பட்டியல்ல போடறேன்" என்றாள் டொர்டிஸ்.

"எத்தனாவது?"

டொர்டிஸ் திரையைப் பார்த்தாள். "அறுபத்தொண்ணு."

தைவா சிரித்தாள். அந்தச் சிரிப்பில் இருந்தது நன்றியல்ல. அவள் போன பிறகும் டொர்டிஸ் மேசையைவிட்டு எழவில்லை. நான் காப்பியோடு போனபோது ஐந்து வருடப் பட்டியல்களைப் பரப்பி வைத்து வீட்டு முகவரிகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஹால்வார், அஞ்சு வருஷத்துல நூத்தியிருபது இடம். எத்தனை வீட்டுக்குப் போயிருக்குன்னு நினைக்கிற? ஐம்பத்தொண்ணு. அதுல மீன் ஆலைக்காரங்க வீடு ரெண்டே ரெண்டு. வாசல்ல மட்டும் அந்தப் பொம்பளையைச் சிலையா நிக்க வெச்சிருக்கோம்." குரல் வெகுவாகத் தாழ்ந்திருந்தது. "இதெல்லாம் நான்தான் உக்காந்து அச்சடிச்சேன். ஒரு தடவைகூடப் படிக்கல."

அதே மாதம் புதிய பதிவு மென்பொருள் ஒன்றை வாங்கும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. தேர்வுக் குழுவில் ஆஸ்முன், நகராட்சியின் கணினிப் பிரிவிலிருந்து பெனெடிக்டே, முகப்பு மேசையில் அதைப் பயன்படுத்தப் போகிறவள் என்பதால் டொர்டிஸ். திரையில் படம் காட்டும் கருவியை இயக்குவதற்காக நானும் அன்று மேலே இருந்தேன். ஒரு நிறுவனத்தின் விற்பனையாளர் வண்ண வண்ணமாகத் திரையில் காட்டினார். ஒரே நொடியில் நானூறு பேர் வந்தாலும் திணறாதாம். நாலு நிமிடப் பதிவு நாற்பது விநாடியில் முடியுமாம்.

"குலுக்கல் போட முடியுமா?" என்றாள் டொர்டிஸ்.

"குலுக்கலா?"

"பத்து நாள் திறந்து வெச்சு, பேர் கொடுத்தவங்க எல்லாரையும் கலந்து எடுக்கறது."

"அது இதுல இல்லைங்க. யாரும் கேட்டதில்லை. தனியா செஞ்சு தரலாம்."

ஆஸ்முன் குறுக்கிட்டார். "டொர்டிஸ், முதல்ல வர்றவங்களுக்கு முதல் இடம். இதைவிட நியாயம் வேற என்ன இருக்கு? கதவு எல்லாருக்கும் ஒரே நேரத்துலதான் திறக்குது."

"கையில கத்தியோட நிக்கறவளுக்கும் நாற்காலியில உக்காந்திருக்கற உங்களுக்கும் ஒரே நேரமா? ஆஸ்முன், உங்க பசங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து அஞ்சு கோடையில ஆறு இடம். எண்ணிட்டேன்."

விற்பனையாளர் தன் காகிதங்களை அடுக்கத் தொடங்கினார். ஆஸ்முனின் காது சிவந்துவிட்டது. அவர் ஏமாற்றவில்லை. ஒன்பதுக்கு ஒரு நிமிடம் முன்னே தன் கணினியில் உட்கார்ந்து எல்லோரையும் போலத்தான் பதிந்தார். என் எரிச்சலே அதில்தான். யாரும் எந்தத் தப்பும் செய்யாமலே இத்தனை பிள்ளைகளை வெளியே நிறுத்த முடிந்திருக்கிறது.

பெனெடிக்டே மதிப்பெண் தாளை நீட்டினாள். வேகத்துக்கு நாற்பது, தோற்றத்துக்கு முப்பது, பயன்படுத்தும் எளிமைக்கு முப்பது. மூவரும் கையெழுத்திட்டால்தான் நகராட்சி வாங்க அனுமதிக்கும்.

"யாருக்குப் போய்ச் சேருதுங்கறதுக்கு இதுல ஒரு கட்டம்கூட இல்ல. நான் போட மாட்டேன்" என்று பேனாவை மூடினாள் டொர்டிஸ்.

மறுநாள் ஆஸ்முன் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, விருந்தினர் முன்னால் அவமானப்படுத்தியதற்கு எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார். அதை வாங்கி நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நேரே அருங்காட்சியகத்தின் நிர்வாகக் குழுவுக்குக் கடிதம் எழுதினாள். பெயர் எதுவும் இல்லை, எண்கள் மட்டும். ஏப்ரலில் குழு கூடியது. எதை வாங்கினாலும் முகாமுக்குக் குலுக்கல் இருந்தே ஆகவேண்டும் என்று முடிவெடுத்தது. அதன் பிறகுதான் டொர்டிஸ் கையெழுத்திட்டாள். ஆஸ்முன் தனக்குப் பிடித்த வண்ண மென்பொருளையே வாங்கி, குலுக்கலைத் தனியாகச் செய்து தரச் சொன்னார். அது வந்து சேர அடுத்த குளிர்காலம் ஆகிவிட்டது. இடையில் வந்த கோடை முகாம் பழையபடியே நடந்தது.

மறு பிப்ரவரியில் பத்து நாள் பதிவு திறந்திருந்தது. டொர்டிஸ் தானே ஆலை ஓய்வறையில் அறிவிப்பை ஒட்டிவிட்டு வந்தாள். மூன்றாம் நாள் தைவா தொலைபேசியில் கூப்பிட்டாள். மகள் பிறந்த வருடத்தைப் போட்டால் திரை சிவப்பாகிறதாம். டொர்டிஸ் பார்த்தாள். மகளுக்கு இந்த வருடம் பதிமூன்று ஆகிறது. முகாம் பன்னிரண்டு வயது வரைதான்.

தொலைபேசியில் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. மறுநாள் அக்கரைக்குப் பேருந்து பிடித்து, ஒன்பதரை ஓய்வு நேரத்தில் ஆலை வாசலில் போய் நின்றாள். தைவா ரப்பர் மேலங்கியோடு வெளியே வந்து கேட்டுக்கொண்டாள்.

"மூணு வருஷம் முன்னாடியே இதைச் செஞ்சிருக்கலாமே."

"ஆமா. செஞ்சிருக்கணும்" என்றாள் டொர்டிஸ்.

தைவா தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

குலுக்கல் முடிவு வந்த அன்று டொர்டிஸ் பட்டியலோடு கீழ்த்தளத்துக்கு இறங்கிவந்தாள். இருபத்து நான்கில் ஒன்பது பிள்ளைகள் ஆலைக்காரர்களின் வீட்டுப் பிள்ளைகள். ஆஸ்முனின் இளைய மகனுக்கு இடம் விழவில்லை. நான் அவள் கையைப் பிடித்துக் குலுக்கப் போனேன். அவள் விலக்கிக்கொண்டாள்.

"இந்த ஒன்பதைப் பாத்ததும்தான் எனக்கு இன்னும் எரியுது. முன்ன இடம் கிடைக்காம போன பிள்ளைங்க எத்தனைன்னு இப்பத்தானே தெரியுது" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, பிள்ளைகளின் வீடுகளுக்குத் தொலைபேசியில் சொல்ல மாடியேறிப் போனாள்.