திமிங்கலத்தின் பின்கதவு

கடுகு மேஸ்திரியைப் பற்றிச் சொல்வதென்றால் அவர் வாயிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆள் பட்டறைக்குள் வருமுன்பே அது வந்துவிடும். "எவன்டா ஏணியை நடுவழியில போட்டது? என்னைத் தடுக்கி விழ வச்சுட்டு லீவு கேக்கலாம்னு பார்க்கிறியா?" என்று தெருமுனையிலேயே ஆரம்பித்துவிடுவார். ஏணி வழியில்தான் கிடக்கிறது என்று அங்கிருந்து எப்படித் தெரியும் என்று யாரும் கேட்டதில்லை. தினமும் அங்கேதான் கிடக்கும்.

மனிதர் முகத்தில் எப்போதும் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். அதனால்தான் கடுகு என்று பெயர். அவரைப் பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே சட்டென்று ஞாபகம் வராது.

அது பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறை. என்ஜினும் சக்கரமும் மட்டும் வைத்த வெறும் அடிச்சட்டம் வரும். அதன்மேல் தளம், சுவர், கூரை, கதவு, சீட் எல்லாம் கட்டி, ஓட்டிப் பார்த்து அனுப்புவார்கள். முதலாளி மேஸ்திரியின் மைத்துனன், அதாவது மனைவியின் தம்பி. அரைக்கால் சட்டை போட்ட நாளிலிருந்து இவரிடம் திட்டு வாங்கித்தான் ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொண்டவன். மாடியில் தையல் மிஷின் போட்டு சீட் உறை தைப்பவள் மேஸ்திரியின் மனைவி. பட்டறைக்கே அவள் அக்காதான்.

இந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் ஊறிப்போயிருந்தது. புது வேலை எது வந்தாலும் மேஸ்திரி முதலில் வரைபடத்தைப் பார்த்துத் திட்டுவார். "இதை வரைஞ்சவன் பஸ்ல ஏறியிருக்கானா, இல்ல பஸ் படம் போட்ட பிஸ்கட் டப்பாவைப் பார்த்து வரைஞ்சானா? இந்த ஜன்னலுக்குக் கண்ணாடி யாரு போடுறது, இவன் தாத்தாவா? சாய்வா வெட்டணும், ரப்பரைத் தடிமனா வைக்கணும், இதெல்லாம் நடக்கிற காரியமா?" திட்டி முடிப்பதற்குள் அந்த வேலையை எப்படிச் செய்வதென்று அவரே சொல்லி முடித்திருப்பார். கடைசியில் கையிலிருக்கும் அளவு டேப்பை மேஜைமேல் வீசிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். டேப் விழுந்த சத்தம் கேட்டதும் தகடு வெட்ட ஆரம்பிப்பார்கள். வேறு உத்தரவு எதுவும் கிடையாது.

"அவர் திட்டினா உடம்பு நல்லா இருக்குன்னு அர்த்தம்" என்பாள் அக்கா. "வாயை மூடினாத்தான் டாக்டரைக் கூப்பிடணும்."

அப்படி இருக்கும்போதுதான் திமிங்கலம் வந்தது. நீர்ச்சறுக்கு, ராட்டினம் எல்லாம் வைத்த பெரிய பொழுதுபோக்குப் பூங்கா ஒன்று. கார் நிறுத்துமிடம் ஒரு கோடியில், நுழைவாயில் இன்னொரு கோடியில். இரண்டுக்கும் நடுவே ஆட்களை ஏற்றிப்போக பஸ் வேண்டும். அது திமிங்கலம் மாதிரி இருக்க வேண்டும், சிரிக்க வேண்டும், பல் தெரிய வேண்டும், பின்னால் வால் தூக்கி நிற்க வேண்டும். அறுபது பேர் உட்கார வேண்டும். லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் ஓட வேண்டும். முதல் பஸ் பிடித்துப்போனால் இன்னும் எட்டு பஸ்ஸுக்கு ஆர்டர். பட்டறையில் பாதி இடம் காலியாகக் கிடந்த காலம் அது. இந்த ஆர்டரும் இல்லையென்றால் பாதி ஆட்களை அனுப்பிவிட வேண்டியதுதான் என்று முதலாளி வெளிப்படையாகவே சொல்லியிருந்தான்.

"கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை!" என்று குதித்தார் மேஸ்திரி. "அறுபது பேருக்குப் பெருசா கட்டணும். பெருசா கட்டினா கனம். கனம்னா டீசல் குடிக்கும். குடிக்கக் கூடாதுன்னா இளைக்கணும். இளைச்சா அறுபது பேரும் எங்க உட்காருவான், திமிங்கலத்து மூக்கு மேலயா? தளத்துக்கு லேசான பலகை போட்டு, கூரைக்கு அலுமினியத் தகடு போட்டு, என்னதான் இளைக்க வச்சாலும்... போங்கடா!"

டேப் விழுந்தது. "மேஸ்திரி திட்டிட்டாரு, அலுமினியத் தகட்டை இறக்கு" என்றான் வெல்டர். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலேயே நாள் முழுக்க அலைவதால் அவனுக்குக் கூலிங்கிளாஸ் என்று பெயர்.

மேஸ்திரியும் அக்காவும் ஒரு நாள் பூங்காவுக்கே போய்ப் பார்த்தார்கள். காலையில் ஜனங்கள் காய்ந்த துணியோடு வரிசையாக ஏறிப் போனார்கள். பூங்கா மேனேஜர் அறுபது என்று கணக்குப் போட்டது இதைப் பார்த்துத்தான். சாயங்காலம் அதே ஜனங்கள் சொட்டச் சொட்ட நனைந்து, தோளில் தூங்கும் குழந்தையும் கையில் பரிசாக ஜெயித்த கரடி பொம்மையுமாகத் திரும்பினார்கள். ஒருவர் பொம்மையை ஜன்னலோரம் உட்கார வைத்துப் பக்கத்தில் தானும் உட்கார்ந்துகொள்ள, அவர் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

"பொண்டாட்டியை நிக்க வச்சுட்டு பொம்மையை உட்கார வச்சிருக்கான் பாரு, அறிவு கெட்டவன்!"

"பொம்மை வாயைத் திறக்காதுல்ல, அதான்" என்றாள் அக்கா.

துணி உறை போட்டால் தினமும் சீட்டைப் பிழிந்து காயப்போட வேண்டும் என்று அவள் அங்கேயே ரெக்சின் உறைக்கு முடிவு செய்தாள். மேஸ்திரியின் கண் வேறிடத்தில் இருந்தது. ஆள் நிறையும்வரை பஸ்கள் வாசலில் நிற்கின்றன, நிற்கும் நேரமெல்லாம் என்ஜின் ஓடுகிறது. "நிக்கிற வண்டிக்கு எதுக்குடா தீனி?" என்று அங்கிருந்த டிரைவரைப் பிடித்துக் கத்தினார். டிரைவர் யாரோ பைத்தியம் என்று நினைத்து ஜன்னலை ஏற்றிக்கொண்டான்.

பஸ் வளர்ந்தது. தலை வந்தது, சிரிப்பு வந்தது, ஃபைபரில் வார்த்த பல் வரிசை வந்தது. ஆளுக்குப் பதிலாக மணல் மூட்டைகளைச் சீட்டில் அடுக்கி ஓட்டிப் பார்த்தார்கள். பூங்காவில் நிற்கிற மாதிரியே என்ஜினை ஓடவிட்டு நின்று நின்று ஓட்ட வேண்டும் என்பது மேனேஜர் உத்தரவு. லிட்டருக்கு ஐந்து வரவில்லை. கொஞ்சம்தான் குறைந்தது, ஆனால் குறைந்தது. இந்த லட்சணத்தில் வால் இன்னும் மாட்டவில்லை. சீட்டும் அறுபதுக்கு இரண்டு குறைவு.

வால் வர வேண்டிய இடத்தில் பின்கதவு இருந்தது. ஆபத்துக் காலத்தில் இறங்கும் கதவு. அதை மறைக்காமல் வாலை நிறுத்தத் தனியாக இரும்புச் சட்டம் போட வேண்டும், அது இன்னும் கனம். முதலாளி ஒரு ராத்திரி முழுக்க யோசித்துவிட்டு வந்தான்.

"மாமா, ஒரே கல்லுல மூணு மாங்கா. பின்கதவை அடைச்சுடுவோம். வாலைச் சுவத்துலயே நேரா போல்ட் போட்டு நிறுத்தலாம். கதவு, சட்டம், கீல் எல்லாம் போனா கனம் குறையும். அந்த இடத்துல ரெண்டு சீட்டும் வரும். அறுபது!"

மேஸ்திரிக்கு வந்தது பாருங்கள் கோபம்! அவர் வாழ்நாளில் திட்டிய திட்டையெல்லாம் சேர்த்து வைத்தாலும் அன்றைக்கு ஈடாகாது.

"அறிவிருக்கா உனக்கு? என்ஜின் முன்னாடி. ஏறுற கதவு என்ஜினுக்குப் பக்கத்துல. முன்னாடி புகைஞ்சா உள்ள இருக்கிற அறுபது பேரும் எந்த வழியா வருவான்? திமிங்கலம் வாந்தி எடுக்குமா? அத்தனையும் குஞ்சும் குளுவானுமாடா ஏறப்போகுது!"

"பூங்காவுக்குள்ளேயே ஓடுற வண்டி மாமா. ரோட்டுக்கே வராது. யாரு வந்து பார்க்கப்போறா?"

"யாரும் பார்க்கலன்னா நெருப்பும் பார்க்காதா? என் கண் முன்னால அந்தக் கதவை எவனாவது தொட்டீங்க, கையை ஒடிச்சுடுவேன்!"

டேப்பை வீசினார், எதிர்ச் சுவர்வரை போய் விழுந்தது. டீக்கடைக்குப் போய் இரண்டு டீ குடித்தும் கோபம் ஆறவில்லை, மூன்றாவதும் குடித்தார்.

திரும்பி வந்தபோது கதவு இல்லை. அது இருந்த இடத்தில் பளபளவென்று புதுத் தகடு. கூலிங்கிளாஸ் கடைசி மூலையைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான்.

"என்னடா பண்ணி வச்சிருக்கே?"

"அடைச்சாச்சு மேஸ்திரி. நீங்கதான் திட்டிட்டுப் போனீங்களே."

"அடப்பாவி! வேண்டாம்னுதானேடா திட்டினேன்!"

"நீங்க எதைத்தான் வேணும்னு சொல்லித் திட்டியிருக்கீங்க?" என்றான் அவன், நிஜமாகவே புரியாமல். "சாய்வுக் கண்ணாடிக்கும் கையை ஒடிப்பேன்னுதான் சொன்னீங்க. அப்புறம் நீங்களேதான் வந்து மாட்டினீங்க. இன்னைக்குக் கொஞ்சம் சத்தம் ஜாஸ்தியா இருந்துச்சு, சரி அவசர வேலை போலன்னு சீக்கிரமா முடிச்சோம்."

மேஸ்திரி வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்து கத்தினார். அவர் கத்தக் கத்த ஆட்கள் இன்னும் விறுவிறுவென்று வேலை செய்தார்கள். தகட்டுக்குப் பெயிண்ட் அடிக்கக்கூட ஒருவன் ஆரம்பித்துவிட்டான். முதலாளி ஓரமாக நின்று சிரித்துக்கொண்டிருந்தான். மாமா இப்படித்தான், சாயங்காலத்துக்குள் சரியாகிவிடும் என்பது அவன் நினைப்பு. புலி வருது, புலி வருது என்று இத்தனை வருஷம் கத்திய பாவம், நிஜப் புலி வந்தபோது ஒருத்தனும் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று வீட்டில் அவர் பேசவில்லை. தண்ணீர்ச் சொம்பு வைத்த இடத்தில் இல்லை, பேசவில்லை. மின்விசிறி கடகடத்தது, பேசவில்லை. அக்கா வந்து நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

"காய்ச்சல்னு பார்த்தேன், ஜில்லுனு இருக்கே."

"பின்கதவை அடைச்சுட்டாங்க."

"நீங்க திட்டலையா?"

"திட்டினேன். அதனாலதான் அடைச்சாங்க." "இத்தனை வருஷமா கத்தி என்ன பிரயோஜனம்? நிஜமா பயந்து ஒரே ஒரு தடவை கத்தினேன். அது ஒருத்தன் காதுலயும் ஏறல."

அவர் பயம் என்று சொல்லி அவள் கேட்டதே இல்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் காலை தெருமுனையில் சத்தமில்லை. ஏணி வழியில் கிடந்தது. மேஸ்திரி அதை எடுத்துச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போனார். தகடு தேய்த்துக்கொண்டிருந்தவன் மிஷினை நிறுத்தினான்.

"மேஸ்திரி, திமிங்கலத்துக்குப் பல்லு ரொம்பப் பெருசோ?" என்று ஸ்டூல் மேலிருந்து பெயிண்டர் வாயைக் கிளறிப் பார்த்தான்.

"நல்லா இருக்குப்பா."

பெயிண்டர் ஸ்டூலைவிட்டுக் கீழே இறங்கிவிட்டான். கூலிங்கிளாஸ் தன் கண்ணாடியைக் கழற்றினான். அவனுக்கு இப்படிப்பட்ட சின்னக் கண்கள் என்று அன்றைக்குத்தான் பலருக்குத் தெரிந்தது.

மேஸ்திரி பஸ்ஸில் ஏறி, பின்கதவு இருந்த இடத்தில் போட்டிருந்த புதுச் சீட்டில் போய் உட்கார்ந்தார். முதலாளி வந்தான். பட்டறையில் ஈ பறந்தால் கேட்கும் போலிருப்பதைப் பார்த்து ஓடிவந்து ஏறினான்.

"மாமா, உடம்புக்கு என்ன?"

"ஒண்ணும் இல்லைங்க. நல்லா இருக்கேங்க."

"என்ன மாமா, ‘ங்க’ எல்லாம் போட்டுக்கிட்டு?"

"நீங்க முதலாளி. பஸ் உங்களுது. வாலை மாட்டிக்கோங்க." எழுந்தார். சட்டைப் பையிலிருந்த டேப்பை எடுத்து, முழுசாகச் சுருட்டி, மைத்துனன் கையில் வைத்தார். "நான் இனிமே வரலைங்க. வழி இல்லாத வண்டியில புள்ளைங்களை ஏத்தி அனுப்பிட்டு என்னால ராத்திரி தூங்க முடியாதுங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

மாடியில் தையல் மிஷின் நின்றுபோயிற்று.

முதலாளி கையிலிருந்த டேப்பைப் பார்த்தான். அது தன்மேல் எத்தனையோ தடவை வந்து விழுந்திருக்கிறது. இப்படி மரியாதையாக வந்து சேர்ந்ததில்லை. வாடா, போடா, மடையா, மாப்ளே என்று கேட்டே வளர்ந்தவனுக்கு அந்த ‘ங்க’ செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. "மாமா, அப்படிச் சொல்லாதீங்க மாமா" என்றான். அவர் படியில் இறங்கிக்கொண்டிருந்தார்.

அவன் தடதடவென்று இறங்கி, அவரைத் தாண்டி ஓடி, வெட்டும் மிஷினை எடுத்து, வண்டியின் பின்பக்கம் போய்த் தகட்டின்மேல் வைத்தான். மிஷின் பிடித்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அது துள்ளி, கோணலாக இழுத்து, பொறி அவன் முகத்துக்கே பறந்தது.

மேஸ்திரி நின்றார். பார்த்தார். பல்லைக் கடித்தார். எவ்வளவு நேரம்தான் கடிக்க முடியும்?

"டேய்! டேய் மடையா! நிறுத்துடா! அது மிஷினா, தோசைக் கரண்டியா? கண்ணாடி போடாம நிக்கிறான் பாரு, கண்ணு போச்சுன்னா உங்க அக்காவுக்கு யாரு பதில் சொல்றது? இங்க கொடு! ஓரத்தைத்தான் வெட்டணும், நட்டநடுவுல கிழிக்கிறியே! கதவை எங்கடா போட்டீங்க? கொண்டாங்க. வாலுக்குத் தனிச் சட்டம் எதுக்கு, வாலைக் கதவு மேலயே மாட்டு, கதவு திறந்தா அதுவும் சேர்ந்து திறக்கட்டும்! கனம் ஜாஸ்தின்னா அந்தப் பல்லைக் கழட்டு! வாயை மூடிக்கிட்டுச் சிரிச்சா செத்தா போயிடும்? மைலேஜ் வேணும்னா நிக்கிறப்ப என்ஜினை அணைக்கச் சொல்லு அந்த மேனேஜரை!"

"அறுபது வராதே மாமா" என்றான் முதலாளி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. பொறி பட்டதால் என்று பிறகு சொல்லிக்கொண்டான்.

"ஐம்பத்தெட்டுதான்னு சொல்லு! ரெண்டு கரடியை நிக்க வச்சுக் கூட்டிட்டுப் போகச் சொல்லு!"

"ஆர்டர் போயிட்டா?"

"போனா போகுது. நாளைக்கு எவனாவது ஒட்டகம் மாதிரி பஸ் கேட்டு வருவான். வரட்டும், அவனையும் திட்டுறேன்!"

எட்டு என்று சொன்ன ஆர்டர் நான்காகத்தான் வந்தது. அதற்கும் மேஸ்திரி திட்டினார். அது பிறகு நடந்தது. அன்றைக்கு அவர் டேப்பை மைத்துனன் கையிலிருந்து பிடுங்கி, மேஜைமேல் ஓங்கி வீசினார். கூலிங்கிளாஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டான். கழற்றிய கதவை நாலு பேர் தூக்கி வந்தார்கள். மாடியில் அக்கா "அப்பாடா" என்று உரக்கவே சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தைக்க ஆரம்பித்தாள்.