காலுக்குப் பால் ஊற்றினார்கள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, விழுப்புரத்தில் நர்சிங் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். பயிற்சிக்குத் திண்டிவனத்தில் ஒரு மருத்துவமனை. துக்கத்தின் ஐந்து கட்டங்களை, அதாவது மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு எல்லாவற்றையும், ஒரு நோயாளியிடம் கவனித்து எழுதித் தர வேண்டும். எனக்குக் கிடைத்தவர் மரக்காணம் பக்கத்து மீனவர். சர்க்கரை நோயால் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தார்கள்.

முதல் நாளே, "பாப்பா, என் காலு எங்கம்மா?" என்றார். எனக்கு ஒரே குஷி. கால் போனதையே மனுஷன் ஒப்புக்கொள்ளவில்லை என்று 'மறுப்பு' எழுதினேன். மறுநாள் காபியில் சர்க்கரை இல்லை என்று கத்தினார். 'கோபம்'. அடுத்த நாள், "ரெண்டு இட்லி சேத்துக் குடு, ஊசி போட்டுக்கறேன்" என்றார். 'பேரம்'. இப்படி வரிசை தவறாத நோயாளி யாருக்குக் கிடைப்பார்! தோழிகளிடம் பீற்றிக்கொண்டேன்.

நான்காம் நாள் சாப்பாட்டைத் தொடவில்லை, ஊசிக்கும் கை நீட்டவில்லை. புண் ஆறாவிட்டால் இன்னும் மேலே வெட்ட வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். நானோ 'சோர்வு' என்று எழுதிவிட்டு, ஏற்பு எப்போது வரும் என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மதியம் வரை வரவில்லை. பொறுமை போய், "உங்களுக்கு என்னதாங்க வேணும்?" என்று கத்தியேவிட்டேன்.

"நாலு நாளா அதத்தான கேட்டுக்கினு இருக்கேன். என் கால என்னா பண்ணீங்க? குப்பையில போட்டீங்களா?"

பிளாஸ்க்கோடு நின்றிருந்த அவருடைய மச்சான் திருதிருவென்று விழித்தார். "மாமா... அன்னிக்கே எங்க கையில குடுத்துட்டாங்க. நம்ம ஊரு சுடுகாட்டுல பொதச்சி, பாலு ஊத்திட்டோம். சொன்னா நீங்க தாங்க மாட்டீங்கன்னு..."

"மால போட்டீங்களா?"

"சாமந்தி மால, மாமா."

"மேளம்?"

"காலுக்கு யாரு மாமா மேளம் வெப்பாங்க?"

அவர் சிரித்தார். சிரிப்பு அப்படியே அழுகையானது. மச்சானும் அழுதார், நானும் அழுதேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "முழுசா போவும்போது மேளம் வெச்சிக்கலாம், இப்ப இட்லி குடு" என்று ஊசிக்குக் கையை நீட்டினார்.

இப்போது நான் வேலையில் இருக்கிறேன்; எத்தனையோ துக்கங்களைப் பார்த்துவிட்டேன். ஆனாலும், ஒரு மனிதர் நாலு நாளாகக் கேட்ட கேள்விக்குப் பதில் தேடாமல் பெயர் மட்டும் வைத்துக்கொண்டிருந்தேனே என்பதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.