தொட்டியில் காட்டிய மீன்

என் மனுசனுடைய அந்தியேட்டியும் முப்பத்தோராம் நாள் கிருத்தியமும் முடிந்த பிறகு, என்னைப் பார்க்க வருகிற ஆட்கள் குறைந்துவிட்டார்கள். அது எனக்கு வசதியாகத்தான் இருந்தது. நார்த்மீட் வீட்டுக் குசினியில், அடுப்பும் மூட்டாமல், காலையில் கதிரையில் உட்கார்ந்தால் மத்தியானம் வரை அதிலேயே இருப்பேன். அழுகையும் வரவில்லை, பசியும் வரவில்லை. அவர் போய்விட்டார் என்பது தெரியும், அவ்வளவுதான்.

ஒருநாள் ரீச்சர் போன் எடுத்தா. ஊரில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவ. சிட்னிக்கு வந்தும் எல்லோருக்கும் ரீச்சர்தான்.

“நாளைக்குப் பின்னேரம் வெளிக்கிட்டு நில்லும். சீனக்கடைக்குப் போறம்.”

“எனக்கு மனமில்லை ரீச்சர்.”

“மனம் வீட்டில கிடக்கட்டும். வயித்தைக் கூட்டிக்கொண்டு வாரும்.”

பரமட்டாவில் மாடியில் இருக்கிற அந்தக் கடைக்கு நாங்கள் பல வருடம் போய்வந்தவர்கள். நானும் அவரும், ரீச்சர், பிறகு ஈப்போவில் பிறந்த தமிழ்ப்பிள்ளை, நாங்கள் மலேசியாக்காரி என்று சொல்லுகிறவ. ஞாயிறு பகலில்தான் போவோம். பகலில் பெண்கள் வண்டில் தள்ளிக்கொண்டு வந்து, மூங்கில் பெட்டிகளின் மூடியைத் திறந்து காட்டுவார்கள். நான் விரலை நீட்டினால் போதும். வாசிக்கிற வேலை இல்லை.

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். தமிழை எழுத்துக் கூட்டி மெல்ல மெல்ல வாசிப்பேன். இதையும் அப்படித்தான் எழுதுகிறேன். இங்கிலீஷில் ஒரு எழுத்தும் தெரியாது. இது அவருக்கு மட்டும் தெரிந்த விசயம். எப்போதாவது பின்னேரச் சாப்பாட்டுக்குப் போனால், சாப்பாட்டுப் புத்தகத்தை அவர் தனக்குப் படிப்பதுபோலச் சத்தமாகப் படிப்பார். நண்டு, இறால், கணவாய் என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டு போவார். நான் எல்லாவற்றையும் கேட்டு முடித்து, “கணவாய் போன முறை இறுகிப்போய் இருந்தது, இறாலைச் சொல்லுங்கோ” என்பேன். வேறு யாரும் ஒரு எழுத்தைக் காட்டினால், கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டேன் என்பேன். கண்ணாடி கைப்பைக்குள் கிடக்கும். கூட இருக்கிறவர்களுக்கு முன்னால் தலை குனிய எனக்கு ஏலாது.

அன்று ஆறு மணிக்குப் போனோம். வண்டில் ஒன்றையும் காணவில்லை. வட்ட மேசையில் மூன்று பேர். அவர் வழமையாக இருக்கிற கதிரையில் மலேசியாக்காரி தன் கைப்பையை வைத்தா. பரிமாறுகிற பெடியன் ஒருவன் தேத்தண்ணி ஊற்றிவிட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்தான். மலேசியாக்காரி அதை என் பக்கம் தள்ளினா.

“அக்கா, இன்னிக்கு நீங்கதான் சொல்லணும். நான் சொன்னா நூடுல்ஸ் தவிர வேற ஒண்ணும் வராது.”

மரியாதைக்குத்தான் சொன்னா. நான் புத்தகத்தைத் திறந்தேன். படம்கூட இல்லை. கண்ணாடிக் கதையைச் சொல்லலாம். சொன்னால் வாங்கிப் படித்துவிடுவார்கள். ஆனால் அந்தக் கதையைச் சொல்லுகிற தெம்புகூட எனக்கு அன்று இல்லை. ஒரு பக்கத்தைத் திருப்பினேன். இன்னொன்றைத் திருப்பினேன். பிறகு மூடி வைத்துவிட்டு எழுந்து, வாசலோரம் இருந்த மீன் தொட்டிக்கு நடந்து போனேன். உள்ளே மீன்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. பின்னால் வந்த பெடியனுக்கு ஒன்றைக் காட்டினேன்.

அந்தக் கடையில் மீனைச் சமைக்க முன் உயிரோடு மேசைக்குக் கொண்டுவந்து காட்டுவார்கள். பெடியன் வெள்ளை வாளியைச் சரித்துப் பிடித்தான். மீன் ஒருமுறை துள்ளியது.

“இதானான்னு கேக்குறான் அக்கா” என்றா மலேசியாக்காரி. அவவுக்குச் சீனப் பாசை தெரியும்.

ரீச்சரும் அவவும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“பெரிசாக் கிடக்கோ?” என்று கேட்டேன்.

“இல்லை, இல்லை. மூண்டு பேருக்குக் காணும்” என்றா ரீச்சர்.

நான் தலையாட்டினேன். அவன் கொண்டுபோய்விட்டான்.

இஞ்சியும் வெங்காயத்தாளும் போட்டு அவித்து வந்தது. தலை என் பக்கம் பார்க்க வைத்தார்கள். மேசையில் பெரிய ஆளுக்கு அப்படி வைப்பது அவர்கள் வழக்கமாம். ரீச்சர் ஒரு துண்டை எடுத்துச் சோற்றில் வைத்து, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சாப்பிட்டா. மலேசியாக்காரி முள் எடுத்து எடுத்து நேரத்தைக் கடத்தினா. பிறகு அவவும் சாப்பிட்டா. நான் சாப்பிட்டேன். ருசி ஒன்றும் தெரியவில்லை. தேத்தண்ணிக் கேத்தல் முடிந்ததைக் காட்ட ரீச்சர் மூடியைச் சரித்து வைத்தா, கடைக்காரர் வந்து திரும்பச் சுடுதண்ணீர் ஊற்றினார்கள்.

வீட்டுக்கு வருகிற வழியில், கார் ஓட்டிக்கொண்டே ரீச்சர் சொன்னா:

“நாளைக்குச் சனிதானே, மெல்பேணில இருந்து உம்மட மகன் போன் எடுப்பான். மீன் சாப்பிட்டனான் எண்டு சொல்லும், சந்தோசப்படுவான்.”

நாளைக்குச் சனி. குசினியில் தொங்குகிற கோயில் கலண்டரில் தாள் கிழித்துக் கிழமை சொல்லுகிறவர் அவர்தான். அது அவர் போன நாளிலேயே நின்றுவிட்டது. நான் கலியாணம் செய்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமை மச்சம், மீனோ இறைச்சியோ, தொட்டதில்லை. அவர்கள் இரண்டு பேரும் அப்படித்தான்.

“இண்டைக்கு வெள்ளியோ?”

“ஓம்.”

“தெரிஞ்சுகொண்டோ ரெண்டு பேரும் சாப்பிட்டனீங்கள்? ஏன் சொல்லேல்லை?”

ரீச்சர் சிவப்பு விளக்கில் நிறுத்தினா. பின்னால் இருந்த மலேசியாக்காரி கைப்பையை மடிக்கு இழுத்தா.

“சொன்னா நீர் திரும்ப அந்தப் புத்தகத்தைத் திறக்க வேண்டி வந்திருக்கும்” என்றா ரீச்சர்.

எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. வேறு ஒரு காலமென்றால் காரை விட்டு இறங்கியிருப்பேன். அவர்களுக்கு எப்போதிருந்து தெரியும் என்று கேட்கவும் தோன்றவில்லை. விளக்குப் பச்சையானது.

அடுத்த மாதமும் போனோம். இந்த முறையும் பின்னேரம்தான். புத்தகத்தை ரீச்சர் எடுத்து விரித்தா.

“இண்டைக்கு ஞாயிறு” என்றா, ஒருவரையும் பார்க்காமல். பிறகு முதலாவது வரியிலிருந்து சத்தமாகப் படிக்கத் தொடங்கினா. “இஞ்சி போட்ட நண்டு. உப்பும் மிளகும் போட்ட கணவாய்...”

நான் கைப்பைக்குள்ளிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, கேட்டுக்கொண்டிருந்தேன்.