சனிக்கிழமை பரோட்டாவும் எங்கள் பெரியப்பாவும்

எண்பதுகளின் நடுவில், நாங்கள் அரூரில் வாடகைக்குக் குடியிருந்தபோது நடந்தது இது. எனக்குத் திருமணமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. என் கணவருக்கு ஒரு உரக்கடையில் வேலை.

சனிக்கிழமை கடை அடைத்ததும் வீட்டுக்கு வர மாட்டார். மூன்று நண்பர்களோடு எங்கள் தெருமுனை பாய் கடைக்குச் சாப்பிடப் போய்விடுவார். மொத்தமே ஆறு மேஜைதான். பரோட்டா, சால்னா, ஆம்லெட், கையைக் கடிக்காத விலை. திரும்பி வரும்போது மனிதருக்கு முகமெல்லாம் சிரிப்பாக இருக்கும். என்னோடு சாப்பிடும்போதோ பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு "ம்" என்பதோடு சரி. நானோ வாயாடி. நான் பிறந்த மாரண்டஹள்ளிக் கதைகளை ஒன்றுவிடாமல் அவரிடம் கொட்டுவேன். காதில் விழுகிறதா இல்லையா என்றே தெரியாது.

அந்த மூன்று பேர் மேல் எனக்கு அப்படி ஒரு பொறாமை. ஒரு பெண்ணாக இருந்தால்கூடச் சண்டை போட்டிருக்கலாம். மீசை வைத்த மூன்று ஆண்களோடு என்னவென்று சண்டை போடுவது?

எதிர்வீட்டு அக்காவிடமும் பக்கத்து வீட்டு டீச்சரிடமும் புலம்பினேன்.

"அங்க அப்படி என்னதான் இருக்குதுன்னு நாமளும் போய்ப் பாத்துட்டு வந்துடலாம், வா" என்றார் அக்கா.

அடுத்த சனிக்கிழமை, அவர்கள் வருவதற்கு முன்பே மூவரும் போய்விட்டோம். பெண்கள் உட்காருவதற்கென்று ஓரமாகத் திரை கட்டிய மேஜை ஒன்று இருந்தது. பரோட்டா பூப்போல இருந்தது, அதிலும் எனக்கு வயிற்றெரிச்சல்தான். இரண்டாவது பரோட்டாவைப் பிய்க்கும்போது திரைக்கு அந்தப் பக்கம் நால்வரும் வந்து உட்கார்ந்தார்கள்.

பேசியது முழுக்க என் கணவர்தான். மற்ற மூவரும் சிரிப்பதற்கென்றே வந்தவர்கள் போலிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "எங்க பெரியப்பா ஒருத்தர் இருந்தாரு" என்று ஆரம்பித்தார். தக்காளிக் கூடை என்றதுமே எனக்குப் புரிந்துவிட்டது. அது என் பெரியப்பா.

தக்காளிக் கூடையைப் பஸ் மேலே ஏற்றிவிட்டு டீ குடிக்கப் போனவர் அவர். பஸ் கிளம்பிவிட்டது. சைக்கிளில் பாலக்கோடு வரை துரத்திப்போய்க் கூடையைப் பிடித்து, தக்காளியை விற்று, காலிக் கூடையோடு பெருமையாகப் பஸ்ஸில் ஊர் திரும்பினார். வார்த்தை மாறாமல் நான் சொன்னபடியே சொல்லிக்கொண்டு வந்தார் என் கணவர். அப்படியென்றால் அந்த "ம்" எல்லாம் கேட்டுக்கொண்டு போட்ட "ம்". எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. ஊமை மாதிரி உட்கார்ந்து என்னிடம் வாங்கி, இங்கே வந்து சிரிப்பு வாங்குகிறாரே.

"வூட்டுக்கு வந்தப்புறம்தான் சைக்கிள விட்டுட்டு வந்தது ஞாபகம் வந்துச்சு" என்று கதையை முடித்தார். மூவரும் சிரித்தார்கள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. முடிவைக் கெடுத்துவிட்டாரே! டீச்சர் என் கையைப் பிடித்து இழுத்தும் கேட்காமல், திரைக்குள்ளிருந்தே சத்தமாகச் சொன்னேன்.

"ஞாபகம் வரலைங்க. பெரியம்மாதான் கேட்டாங்க. கூடை வந்துடுச்சு, சைக்கிள் எங்க, போய் எடுத்துட்டு வாங்க, மறக்காம நீங்களும் வந்துடுங்கன்னாங்க."

கடையே சிரித்தது. கல்லாவில் இருந்த பாயும் சேர்ந்துகொண்டார்.

"இதுதாம்பா கதை. நீ சொன்னதுல உப்பே இல்ல" என்றார் நண்பர்களில் ஒருவர். பிறகு திரையைப் பார்த்து, "உங்களுக்கு எப்படிங்க தெரியும்?" என்றார்.

"அவரு எங்க பெரியப்பாங்க" என்றேன்.

 வீடு வரும்வரை என் கணவர் எனக்கு முன்னால் நடந்தார். இரண்டு நாள் கழித்து, சாப்பிடும்போது பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "வேற கதை ஏதாச்சும் இருக்குதா?" என்றார். இருந்தது. ஆனால் முடிவை மட்டும் சொல்லவில்லை. அதை நானே கடைக்கு வந்து சொல்கிறேன் என்றேன். சிரித்தாரே தவிர, ஒருநாளும் கூட்டிப்போகவில்லை.

என் பேச்சை ஒருவர் கேட்க மாட்டாரா என்று இரண்டு வருடம் ஏங்கியவள் நான். கேட்டால் மட்டும் போதாது, என் கதைக்கு வரும் சிரிப்பும் எனக்கே வரவேண்டும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன், இன்றும் நாலு பேர் நடுவில் அவர் வாய் திறந்தால் என் வயிறு எரியத்தான் செய்கிறது.