ஹிட்லர் ஊசி

எகிப்தின் மஹல்லா நகரத்தில் குளிர்காலம் வந்துவிட்டது என்பதை வானம் சொல்வதற்கு முன்பே தஹானி வேலை பார்த்த மருந்துக் கடை சொல்லிவிடும். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கழுத்தில் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டு, ஆணும் பெண்ணுமாகக் கடையின் பின்னறை வாசலில் வந்து நிற்பார்கள். எல்லோருக்கும் ஒரே நோய், அதன் பெயர் குளிர். ஃப்ளூ என்று டாக்டர்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள். எங்கள் ஊரில் ஈரத் தலையோடு வெளியே போய் மூக்கு ஒழுகினாலும் குளிர்தான், எலும்பெல்லாம் நொறுங்குகிற மாதிரி காய்ச்சல் அடித்தாலும் குளிர்தான். காற்று உள்ளே புகுந்துகொண்டது என்பார்கள். காற்று இல்லையப்பா, கன்னத்தில் முத்தம் கொடுத்தானே உன் மச்சான், அவன் மூச்சில் வந்தது என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள்.

அந்தக் குளிருக்கு ஊர் நம்பியிருந்த மருந்து ஹிட்லர் ஊசி. பெயர் வைத்த புண்ணியவான் யாரோ. கிருமியைக் கொல்ல ஒரு மருந்து, வலிக்கு ஒரு மருந்து, வீக்கத்தை அமுக்க ஸ்டீராய்டு ஒன்று. மூன்றையும் ஒரே சிரிஞ்சில் உறிஞ்சி இடுப்பில் ஏற்றிவிடுவார்கள். காலையில் நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்த ஆள் சாயங்காலம் காபிக்கடையில் உட்கார்ந்து ஹுக்கா இழுப்பான். இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

ஊசி போடுகிறவள் தஹானியாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். நூற்பாலைத் தொழிலாளியின் மகள் அவள். ஆலை மருத்துவமனையில் தரை துடைக்கப் போய், நர்சுகளைப் பார்த்துப் பார்த்தே ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டாள். கணவன் இறந்த பிறகு மருந்துக் கடையில் சேர்ந்து, ஒரே மகள் ரபாபை வளர்த்து ஆளாக்கினாள். ரபாபின் தாய் என்ற அர்த்தத்தில் ஊரே அவளை உம்மு ரபாப் என்றுதான் கூப்பிடும். அவள் குத்தினால் குழந்தைகூட அழாது. கைராசிக்காரி என்று பெயரெடுத்துவிட்டாள். கல்யாண வீட்டில் சொந்த அத்தைக்கு முன்னால் அவளுக்கு நாற்காலி போடுவார்கள். அந்த நாற்காலி அவளுக்குப் பிடிக்கும். போடாவிட்டால் முகம் கொஞ்சம் கோணும்.

அந்தக் குளிர்காலத்தின் தொடக்கத்தில் ஷஹாத்தா செத்துப்போனான்.

ஷஹாத்தா மினிபஸ் ஓட்டுகிறவன், எருமை மாதிரி உடம்பு. காய்ச்சலோடு வந்தான், தஹானி போட்டாள், மறுநாள் காலை ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டான். வழியில் அவளைப் பார்த்து ஹாரன் அடித்துக் கையாட்டினான். அதற்கு அடுத்த நாள் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, மூச்சு வரவில்லை என்றானாம். நுரையீரல் முழுக்கச் சளி. ஊர்க்கோடியில் இருக்கிற காய்ச்சல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள், திரும்பக் கொண்டுவந்தது உடம்பைத்தான்.

துக்கம் கேட்கப் போன தஹானியின் கையைப் பிடித்து அவன் மனைவி முத்தமிட்டாள். "உன் புண்ணியத்துல கடைசியா ஒரு நாளாவது வலியில்லாம இருந்தாரு, உம்மு ரபாப். அல்லா உனக்கு நல்லது செய்யணும்" என்றாள். தஹானிக்குக் கையை இழுத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அந்த ஒரு நாள்தான் அவனைக் கொன்றதோ என்று மனதுக்குள் ஏதோ அரித்தது. நோய் உள்ளே வளர்ந்துகொண்டிருந்தபோது ஊசி அதன் மேல் போர்வையைப் போர்த்திவிட்டதோ? படுத்துக் கிடக்க வேண்டியவனை எழுப்பி வண்டி ஓட்ட வைத்ததோ? அவள் இதை யாரிடமும் கேட்கவில்லை. மறுநாள் வாசலில் ஆட்கள் நின்றார்கள், போட்டாள். அதற்கு மறுநாளும் போட்டாள். ஒவ்வொரு முறையும் பஞ்சை எடுக்கும்போது அந்த ஹாரன் சத்தம் காதில் கேட்டது.

இப்படி இருக்கும்போதுதான் ரபாப் வந்தாள்.

ரபாபுக்கு ஏழாவது மாதம். கணவன் வக்தியின் தங்கை இனாஸுக்கு மறுநாள் கல்யாணம். கண்கள் சிவந்து, உதடு காய்ந்து, தாயின் தோளில் சாய்ந்து நின்றாள். தொட்டால் சுட்டது.

"அம்மா, ஒரு ஊசி போட்டு விடு. நாளைக்கு நான் நின்னாகணும். இல்லேன்னா வேணும்னே படுத்துக்கிட்டான்னு மாமியார் சொல்லும்."

"உனக்கு ஊசி வேண்டாம்டி."

"என்ன வேண்டாம்?"

"வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு... டாக்டர்கிட்ட போலாம் வா. ஃப்ளூவுக்குன்னு மாத்திரை இருக்காம், நோய் ஆரம்பிச்ச உடனே சாப்பிட்டா கேக்குமாம். படுத்து ரெஸ்ட் எடு. கல்யாணம் நீ இல்லாமலும் நடக்கும்."

ரபாப் நிமிர்ந்து பார்த்தாள். "ஊருல இருக்குற கழுதைக்கெல்லாம் போடுறே. பெத்த பொண்ணுக்குன்னா மட்டும் டாக்டரா? அப்படி என்னதான் இருக்கு அந்த ஊசியில? சொல்லு."

தஹானி ஊசி டப்பாவை மூடி வைத்தாள். சொன்னால் ஷஹாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நேற்றுப் போட்டவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தன் மகளுக்கு ஆகாதது அவர்களுக்கு மட்டும் எப்படி ஆகும் என்ற கேள்வி வரும். "சொன்னா கேளு" என்று மட்டும் சொன்னாள். ரபாப் கதவைப் படீரென்று சாத்திவிட்டுப் போனாள். கொய்யா இலை போட்டுக் காய்ச்சிய டீயைக்கூடத் தொடவில்லை.

இலையுதிர் காலத்திலேயே கர்ப்பிணிகள் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம், போட்டுக்கொள்வது நல்லது என்று பிரசவ டாக்டர் சொல்லியிருந்தாள். மெக்காவுக்குப் போய்வந்து ஹாஜா என்று பெயரெடுத்த மாமியார் ஸனிய்யா, "உடம்புக்குள்ள நோயை நாமளே போய் வாங்கிக்கிறதா?" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள். தஹானி அன்றைக்கும் வாயைத் திறக்கவில்லை. ஆலை மேனேஜர்களின் குடும்பங்களுக்கு அந்தத் தடுப்பூசியைப் போட்டவளே அவள்தான். சம்பந்தி வீட்டோடு எதற்கு வம்பு என்று இருந்துவிட்டாள்.

மறுநாள் தெருவை அடைத்துப் பந்தல் போட்டு, வண்ண விளக்கும் ஒலிபெருக்கியுமாகக் கல்யாணம் அமர்க்களப்பட்டது. தஹானி தெருமுனையில் வரும்போதே குலவைச் சத்தம் கேட்டது. நடுவில் ரபாப் நின்று கைதட்டிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தாள். கன்னம் மினுமினுத்தது. மகளை அவ்வளவு அழகாக அவள் பார்த்ததே இல்லை.

ஹாஜா ஸனிய்யா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "உங்க கைக்கு ஒரு குறையும் வரக் கூடாது, உம்மு ரபாப்! நேத்து பொணமாட்டம் கெடந்தா, இன்னிக்கு மணப்பொண்ணையே தூக்கிச் சாப்பிடுறா பாருங்க!"

சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும் தஹானியைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருத்தி நாற்காலி போட்டாள். நான் போடவில்லை என்று அப்போதே அவள் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

பாட்டு மாறுகிற இடைவெளியில் மகளைப் பிடித்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. மணிக்கட்டில் நாடி மட்டும் துரத்தப்பட்ட முயல் மாதிரி ஓடியது.

"யாருடி போட்டது?"

"நக்லா." நக்லா முன்பு அதே கடையில் இருந்து தஹானியிடமே ஊசி போடக் கற்றவள், இப்போது அடுத்த தெருவில் தனியாக ஊசி போடுகிறாள். "பாத்தியா? செத்தா போயிட்டேன்?"

"இப்பவே வா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"கல்யாணத்த விட்டுட்டா? மானத்த வாங்காதம்மா. நாளைக்குப் பாக்கலாம்." சொல்லிவிட்டு ரபாப் போய்விட்டாள். மணப்பெண்ணை இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். மாமியாரை முத்தமிட்டாள். தன்தா ஊரிலிருந்து வந்திருந்த ஆஸ்துமாக்காரக் கிழவியைக் கட்டிக்கொண்டு முத்தமிட்டாள். ஒவ்வொரு முத்தத்தையும் தஹானி பார்த்துக்கொண்டே இருந்தாள். வாத்துக்கறியும் காய்க்குள் சோறு அடைத்த மஹ்ஷியும் தட்டில் அப்படியே ஆறிக்கிடந்தன.

மறுநாள் வெள்ளிக்கிழமைத் தொழுகை முடியும் நேரத்தில் வக்தி போன் செய்தான். ரபாபால் படுக்க முடியவில்லை, உட்கார்ந்தால்தான் மூச்சு வருகிறதாம், உதடு ஒரு மாதிரி கறுத்திருக்கிறதாம்.

காய்ச்சல் ஆஸ்பத்திரி டாக்டர் தூங்கி ரொம்ப நாளாகியிருக்கும் போல. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "யாரு அந்த மூணு மருந்து ஊசியப் போட்டது?" என்று கேட்டார். வக்தி தலையைக் குனிந்துகொண்டான்.

"இது வைரஸம்மா. அந்தக் கிருமி மருந்து பாக்டீரியாவுக்குத்தான், அதுக்கு இது அசையக்கூட அசையாது. ஸ்டீராய்டு என்ன செய்யும் தெரியுமா? உடம்போட காவலைக் கட்டிப் போட்டுடும். காய்ச்சல் போயிடுச்சுன்னு நீங்க சந்தோஷமா இருப்பீங்க, உள்ள வீடு எரிஞ்சுக்கிட்டிருக்கும். இந்த மாசத்துல அந்த வலி மருந்து வேற, புள்ளையோட இதயத்துக்கே ஆகாது. மொத ரெண்டு நாளுக்குள்ள வந்திருந்தா மாத்திரைக்கு நல்லா கேட்டிருக்கும். இப்பவும் குடுக்கிறோம். ரெண்டு உயிருக்கும் இன்னிக்கு என்னால எதுவும் சொல்ல முடியாது."

ஆக்ஸிஜன் முகமூடியை மாட்டுவதற்கு முன்னால் ரபாப் தாயின் விரலைப் பிடித்தாள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு வாங்கினாள்.

"நக்லா மொதல்ல மாட்டேன்னுதாம்மா சொன்னா. வயித்துல புள்ள இருக்குன்னா. நாந்தான்... எங்கம்மா போடச் சொல்லி அனுப்பினாங்கன்னு சொன்னேன். அப்புறம் ஒரு வார்த்த கேக்கல."

தஹானி வராந்தாவுக்கு வந்து சுவரில் சாய்ந்து, தன்மேலேயே காறித் துப்ப வேண்டும் போல நின்றாள். மகளிடம் மறுத்தாளே தவிர, ஏன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பெயர் போயிருக்கும். அந்தப் பெயரைக் காட்டித்தான் மகள் ஊசியை வாங்கிப் போட்டுக்கொண்டு உள்ளே கிடந்தாள்.

சனிக்கிழமை காலையிலும் நிலைமை அப்படியேதான் இருந்தது. குழந்தையின் இதயத் துடிப்பு கேட்கிறது என்று மட்டும் நர்ஸ் சொன்னாள். அப்போது ஹாஜா ஸனிய்யாவிடமிருந்து போன் வந்தது. குரல் கரகரத்தது.

"உம்மு ரபாப், எலும்பெல்லாம் ஒடியுது. நெருப்பாக் கொதிக்குது. ரபாபுக்குப் போட்டதையே எனக்கும் ஒண்ணு கொண்டாந்து போடுங்களேன்."

"ஹாஜா, ரபாப் ஆஸ்பத்திரியில கெடக்கா."

"தெரியும்மா, அது கண்ணு. அத்தன பேர் முன்னாடி அப்படி ஆடினா கண்ணு படாதா? ஊசி அதோட வேலையச் செஞ்சது, கண்ணு அதோட வேலையச் செஞ்சிருச்சு. அவ வந்ததும் சாம்பிராணி போடணும்."

"கண்ணு இல்ல ஹாஜா. ஊசிதான். ஷஹாத்தாவும் அதுலதான் போனான், என் கையாலதான் போட்டேன். அது நோயத் தொடாது, மூடி மறைச்சிடும். ரபாபுக்கு நான் மாட்டேன்னேன், எனக்குத் தெரியும், தெரிஞ்சுக்கிட்டே உங்களுக்கெல்லாம் போட்டேன்." முதல் முறையாக வெளியே வந்ததால் வார்த்தைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. "உங்களுக்குச் சக்கர வியாதி வேற இருக்கு. இப்பவே இங்க வாங்க, மாத்திரை தருவாங்க, சீக்கிரம் சாப்பிட்டா கேக்கும். யாரையும் பக்கத்துல விடாதீங்க."



"பெத்த வயிறு, பதறத்தான் செய்யும்" என்றாள் ஹாஜா மிக அன்பாக. "உங்களுக்கே நீங்க என்ன பேசுறீங்கன்னு தெரியல. நீங்க அவகூடவே இருங்க, எங்களப் பத்திக் கவலப்படாதீங்க. இனாஸுக்கும் மாப்பிள்ளைக்கும்கூட உடம்பு சுடுது, அந்தத் தன்தாக் கிழவியும் படுத்துட்டா. நாங்க எல்லாரும் நக்லாகிட்டயே போட்டுக்கிறோம். அதுவும் உங்க கைதானே."

போன் துண்டிக்கப்பட்டது. தஹானி நக்லாவின் எண்ணை அழுத்தினாள். அந்த எண் வேறொரு அழைப்பில் இருக்கிறது என்றது பதிவுக் குரல். வைத்துவிட்டு மறுபடியும் அழுத்தினாள். அப்போதும் வேறு யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள்.