மருதாயிக்கு முதல் ரீல் கிடையாது

பெரம்பலூரில் புதிதாகக் கட்டியிருக்கும் தியேட்டரில் நாற்காலி ஆளை விழுங்குகிறது. உட்கார்ந்தால் முதுகு பின்னால் போகிறது, கால் தானாக மேலே எழும்புகிறது. எங்கேயோ ஒரு பொத்தானை அமுக்கினால் பழையபடி ஆகிவிடுமாம். அந்தப் பொத்தான் எங்கே என்று எனக்குத் தெரியவில்லை, கேட்கவும் கௌரவம் விடவில்லை. தியேட்டரில் வேலை பார்த்துப் பிள்ளை வளர்த்தவள் நான். எனக்கு நாற்காலியில் உட்காரத் தெரியவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது? மல்லாந்த கரப்பான்பூச்சி மாதிரி கிடந்தபடியே படம் பார்த்தேன்.

கூட்டிக்கொண்டு போனவள் என் மகள் செல்வி. ரெட்டிபாளையம் பக்கம் சிமென்ட் ஆலையில் ஆபீஸ் வேலை. லீவு போட்டு, போனிலேயே டிக்கெட் எடுத்து, பட்டுப்புடவை கட்டச் சொல்லி அழைத்துப் போனாள். அவ்வளவு தடபுடல் எதற்கென்றால், மருதாயி படத்துக்கு முன்கதை வந்திருக்கிறதாம்.

"அம்மா, ஒன் மருதாயி எங்கேருந்து வந்தான்னு இன்னைக்குத் தெரிஞ்சுபோயிரும்," என்றாள்.

"எனக்குத் தெரியாதாக்கும்?" என்றேன்.

படத்துக்கு வேறு ஏதோ பெயர் உண்டு. எங்கள் பக்கம் யாரும் அதைச் சொன்னதில்லை, மருதாயி படம் என்றால் போதும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு சின்ன ஊரில் மத்தியான வெயிலில் பஸ் வந்து நிற்கும். கையில் துணிமூட்டையோடு, வயிறு லேசாகத் தெரிய, மருதாயி இறங்குவாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே இட்லிக்கடை போடுவாள். ஊர்ப் பெரிய மனிதன் வந்து நின்று, "எந்த ஊரு நீ? யாரு வூட்டுப் பொண்ணு?" என்று மிரட்டுவான். அவள் இட்லித்தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "பசிச்சா ஒக்காரு. ஊரு எதுக்கு ஒனக்கு?" என்பாள். அந்த இடத்தில் எங்கள் தியேட்டரில் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் கிளம்பும் பாருங்கள், ஆண்கள் பக்கத்து விசிலெல்லாம் அதில் அமுங்கிப்போகும்.

எங்கள் தியேட்டர் அரியலூரில் இருந்தது. நான் முதலில் அங்கே கூட்டிப் பெருக்கத்தான் போனேன். பிறகு பெண்கள் கேட்டில் டிக்கெட் கிழிக்க நிறுத்தினார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டதும் அங்கேதான், சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரில். 'வெற்றிகரமான' என்பதுதான் நான் முதலில் படித்த பெரிய வார்த்தை. வருகிற பெண்கள் எல்லோருக்கும் நான் கேட்டக்கா. என்னைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். நானும் விட்டுக்கொடுக்காமல் எல்லோரையும் அதட்டினேன்.

மருதாயி படம் மற்ற ஊர்களிலெல்லாம் ஓடி, அடிபட்டு, ஒட்டுப் போட்டுக்கொண்டுதான் எங்களிடம் வந்து சேர்ந்தது. பெட்டியைப் பிரித்துப் பார்த்தால் முதல் ரீல் இல்லை. எந்த ஊரில் விட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. முதலாளி யோசித்தார், இருந்ததைப் போட்டு ஓட்டிவிட்டார். அதனால் எங்கள் ஊருக்கு அந்தப் படம் பஸ் வந்து நிற்பதில்தான் தொடங்கியது. யார் இவள், எங்கிருந்து வருகிறாள், வயிற்றுப் பிள்ளைக்கு அப்பன் யார், எல்லாம் அந்தக் காணாமல்போன ரீலில் இருக்கிறது என்று ஊரே நம்பியது.

முதல் நாள் பகல் காட்சியிலேயே பெண்கள் பக்கம் ரகளை. "காசு வாங்கிட்டு மொத ரீல முழுங்கிட்டீங்களா?" என்று கேட்டை உலுக்கினார்கள். மேனேஜர் தலையை நீட்டி, "எதையாவது சொல்லி அடக்கும்மா," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

எதையாவது சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து, என் முன்னால் நின்றிருந்தவளின் கையிலிருந்து வெங்காய வாசனை வந்தது. குன்னம் பக்கத்துப் பெண்கள் வெங்காயம் ஆய்ந்த கையோடு பஸ் ஏறி வந்துவிடுவார்கள். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத வாசனை அது.

பட்டறை பார்த்திருக்கிறீர்களா? சின்ன வெங்காயத்தை அழுகாமல் போட்டு வைக்க எங்கள் பக்கம் கட்டுவார்கள். கீழே கல் பரப்பி, சுற்றிலும் மூங்கில் தட்டி அடைத்து, மேலே கீற்று வேய்ந்திருக்கும். உள்ளே காற்று நன்றாகப் போகும். உள்ளே இருந்து பார்த்தால் எல்லாம் தெரியும், காடு, பாதை, பாதையில் போகிற ஆட்கள். ஆனால் விரலுக்கு மேல் எதுவும் வெளியே போகாது.

என்னைக் கட்டிக்கொடுத்தது குன்னத்துக்கு உள்ளடங்கிய ஒரு ஊரில். என்னைக் கட்டியவர் சந்தைக்குப் போகிற நாளெல்லாம் என்னைப் பட்டறைக்குள் விட்டுக் கொக்கி மாட்டிவிட்டுப் போவார். சந்தேகம். அதற்கு மேல் அவரைப் பற்றி எழுத எனக்கு மனசில்லை. ஒருநாள் வெங்காயம் ஆய வந்த பெண்களில் ஒருத்தி வெளியே போகும்போது கொக்கியை மாட்ட மறந்துவிட்டாள். மறந்துவிட்டாள் என்றுதான் அவளும் பிறகு சொல்லியிருப்பாள். நான் அரியலூர் பஸ்ஸில் ஏறினேன். செல்வி அப்போது என் வயிற்றில்.

ஆக, கேட்டில் நின்று அன்று நான் சொன்னது இதுதான். பெயரை மட்டும் மருதாயி என்று மாற்றினேன். "நீ அந்த ரீலப் பாத்தியா கேட்டக்கா?" என்று கேட்டார்கள். "திருச்சியில பாத்தேன்," என்றேன். அதன்பிறகு ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் நான் சொல்லியாக வேண்டும். அதற்காகவே சீக்கிரம் வந்து நின்றார்கள். படம் மறுபடி மறுபடி எங்கள் ஊருக்கு வந்தது, முதல் ரீல் மட்டும் வரவே இல்லை. வந்திருந்தாலும் எங்கள் பெண்கள் ஏற்றுக்கொண்டிருக்க மாட்டார்கள்.

செல்வி என் காலடியில் உட்கார்ந்து அந்தக் கதையைக் கேட்டே வளர்ந்தாள். அவள் அப்பா காய்ச்சலில் போய்விட்டார் என்றுதான் அவளுக்குச் சொல்லியிருந்தேன். என்றைக்காவது பெரியவளானதும், "அது மருதாயி இல்லடி" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், மிச்சமெல்லாம் அவளுக்கு ஏற்கெனவே தெரியும் என்று நினைத்திருந்தேன். அவள் படித்தாள், வேலைக்குப் போனாள், கல்யாணமும் ஆனது. அந்த ஒரு வார்த்தையை மட்டும் இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்துவிட்டேன். மருதாயி எங்கே போய்விடப் போகிறாள் என்ற தைரியம்.

போய்விட்டாள். பெரம்பலூரில் என் கண் முன்னாலேயே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

புதுப் படத்தில் மருதாயி மலைமேல் ஒரு பங்களாவில் பிறக்கிறாள். தேயிலைத் தோட்டம், கார், வேலைக்காரர்கள். குதிரை ஏறுகிறாள். ராணுவத்துக்காரன் ஒருவனைக் காதலித்துக் கட்டிக்கொள்கிறாள், அவன் சண்டையில் செத்துப்போகிறான். சொத்துக்காகச் சித்தப்பா பங்களாவுக்குத் தீ வைக்கிறான். அவள் மூக்குத்தி எப்படி வந்தது, துணிமூட்டையில் என்ன இருந்தது, இட்லி சுட யாரிடம் படித்தாள், எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறார்கள். நாம் கேட்காததற்கெல்லாம் பதில். தொடக்கத்தில் அவள் முகத்தைக் காட்டியதும் விசிலடித்த பையன்கள், குதிரை வந்த பிறகு போனை எடுத்து நோண்ட ஆரம்பித்துவிட்டார்கள். இருட்டில் அவர்கள் முகமெல்லாம் நீலமாகத் தெரிந்தது.

இடைவேளையில் விளக்கு வந்தது. எல்லோரும் எழுந்து போனார்கள். நான் எழ முடியாமல் கிடந்தேன். அதே வரிசையில் புர்கா போட்ட ஒரு அம்மா குனிந்து என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, நீங்க கேட்டக்காதானே?"

"லாத்தா! மெகருன்னிசாவா நீங்க?"

"நானேதான். ரெண்டு சுத்து பெருத்துட்டேன், அவ்ளோதான்."

லப்பைக்குடிக்காட்டில் பிறந்து அரியலூரில் வாழ்க்கைப்பட்டவர். அவர்கள் வீட்டில் அக்காவை லாத்தா என்பார்கள், நானும் அப்படியே கூப்பிடுவேன். மருதாயிக்கு ஒரு காட்சி தவறவிட மாட்டார்.

"அல்லாவே, இதென்ன படம் கேட்டக்கா? மருதாயி குதிர ஓட்டுறாளாம்ல!"

செல்வி சிரித்தாள். "இதான் நெசக் கதையாம் பெரியம்மா."

"யாரு சொன்னா? பட்டறைல கெடந்தவளுக்குக் குதிர எங்கேருந்து வரும்? என்னயக் கட்டுன மாப்புள்ள சவூதி போனதும் மாமியா வூட்டுல வெளிக்கதவப் பூட்டிட்டாங்க. பொய்க்கு மேல பொய் சொல்லிட்டு சினிமாவுக்கு ஓடியாருவேன். அந்த மருதாயி எனக்குத் தெரிஞ்சவ. இந்தக் குதிரக்காரிய எனக்குத் தெரியாதும்மா." பிறகு செல்வியின் பக்கம் நன்றாகத் திரும்பிக்கொண்டார். "ஒங்கம்மா கேட்டுல நின்னு சொல்லுவாங்க பாரு. தட்டி சந்துல விரல நீட்டுனா வெயில் விரல் நுனியில படும், அதுக்கு மேல கை போவாதும்பாங்க. கூடவே கெடந்தவ மாதிரில்ல சொல்லுவாங்க!"

செல்வி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் நாற்காலியின் கைப்பிடியைத் தடவித் தடவிப் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தேன். கால் மேலே, தலை கீழே. இந்த நிலையில் ஒருத்தி தன் மகளிடம் என்ன சொல்ல முடியும்? "லாத்தா, பாப்கார்ன் ஆறிடும், எடுத்துக்குங்க," என்றேன். விளக்கு அணைந்தது.

இரண்டாம் பாதி முழுக்க யோசித்துக்கொண்டே கிடந்தேன். பிடித்த படத்துக்கு முன்கதை எடுத்தால் நமக்கு ஏன் வயிறு எரிகிறது? நடிப்பில் குறையா? அந்தப் பெண் பாவம், நன்றாகவே நடித்தாள். ரசிகர்களுக்கு ஒரு ஓட்டை தெரிகிறது, அடைத்துக் கொடுத்தால் சந்தோஷப்படுவார்கள் என்று எடுப்பவர்கள் நினைக்கிறார்கள் போலிருக்கிறது. அது ஓட்டை இல்லை. ஆளாளுக்கு உள்ளே போய் உட்கார்ந்திருந்த இடம். மெகருன்னிசா அங்கே இருந்தார், நான் இருந்தேன், பெயர் தெரியாத எத்தனையோ பேர் இருந்தார்கள். இவர்கள் வந்து பங்களாவைக் கட்டி எங்களைக் காலி பண்ணச் சொல்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. முன்கதையில் அவள் என்ன துள்ளினாலும் கடைசியில் அந்த பஸ்ஸில்தான் ஏறியாக வேண்டும். எங்களுக்கும் தெரியும், படம் எடுத்தவனுக்கும் தெரியும். பழைய படத்தில் அடுத்த நிமிஷம் என்ன செய்வாளோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். இதில் கயிற்றில் கட்டிய ஆடு மாதிரி இழுத்துக்கொண்டு போகிறார்கள்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். ஒன்றைத்தான் பொறுக்க முடியவில்லை. "ஊரு எதுக்கு ஒனக்கு?" என்பதை மருதாயிக்கு அவள் அப்பா சொல்லிக்கொடுக்கிறார். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, சுருட்டுப் பிடித்துக்கொண்டு, யாராவது கேட்டால் இப்படிச் சொல் மகளே என்கிறார். அவளுக்கென்று இருந்த ஒரே வசனம், அதையும் ஒரு ஆம்பளை கையில் கொடுத்துவிட்டார்கள்.

படம் முடிந்ததும் செல்விதான் பொத்தானை அமுக்கி என்னை எழுப்பிவிட்டாள். அரியலூர் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் அவள், பக்கத்தில் நான். கேட்கப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. கேட்டால் இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று மடியில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குன்னம் பக்கம் வரும்போது வாயைத் திறந்தாள்.

"அம்மா, எனக்கு இன்னைக்குத்தான் நிம்மதியா இருக்கு."

"என்னடி?"

"சின்ன வயசுல நீ பட்டறைக் கதைய சொல்றப்பல்லாம் எனக்கு மூச்சு முட்டும். அவளுக்காக இல்ல, வயித்துல இருந்த புள்ளைக்காக. அது பொறந்து வளந்து, எங்கப்பன் இப்புடிப்பட்டவன்னு தெரிஞ்சா என்னாவும்னு நெனச்சு நெனச்சு அழுதுருக்கேன். நீ தூங்கிருப்ப. நல்ல வேள, அப்புடி ஒண்ணும் இல்ல. அவ புருசன் நல்லவன்தான். நீ சும்மா அடிச்சு விட்டுருக்க, என்ன?"

வெளியே மக்காச்சோளக் காடு போய்க்கொண்டிருந்தது. கோத்த கையைப் பிரித்தேன்.

"ஆமாடி," என்றேன். "அடிச்சுத்தான் விட்டேன்."

அவள் சிரித்தாள். "பெரிய ஆளும்மா நீ," என்றாள்.

அரியலூரில் எங்கள் தியேட்டர் இருந்த இடத்தில் இப்போது லாரிகள் நிற்கின்றன. அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை. மூட்டைப்பூச்சி கடித்த இடம், கூரை ஒழுகிய இடம், போனால் போகட்டும். போன வாரம் பெரம்பலூரில் போனதுதான் பெரிது. இனிமேல் மருதாயி என்றால் எங்கள் ஊரிலும் பங்களாதான், குதிரைதான். செல்வியிடம் போக எனக்கு இருந்த ஒரே வழியில் மருதாயியை நிறுத்தி வைத்திருந்தேன். அன்று பஸ் குலுக்கலில் செல்வி ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் அவ்வளவு நிம்மதியாகத் தூங்கி நான் பார்த்ததில்லை. அவளை எழுப்ப எனக்கு வேறு கதை தெரியாது.